பன்னிரண்டாவது திட்டம்

ஈலி ஊரில் முடி வெட்டிக்கொள்ளும் ஆண்களில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சலூன்காரன் டெல்மர் போகப்போகும் பயணத்தை ஒப்பித்துவிடுவார்கள். வியாழன் காலை புறப்பாடு. ஆறாம் எண் சாலையில் டோனபா வரைக்கும் நூற்று அறுபத்தெட்டு மைல், நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. அங்கிருந்து தெற்கே இறங்கினால் மரணப் பள்ளத்தாக்கு, இரண்டு இரவு. பிறகு ஸயன் பூங்கா, அதற்குப் பிறகு ப்ரைஸ், அதுவும் சிவப்புப் பாறைகளின் தலையில் பனி உட்கார்ந்திருக்கும்போது. சலூன் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வரைபடத்தை ஒட்டி வைத்துச் சீப்பால் வழி காட்டுவான். துணி போர்த்தி உட்கார்ந்திருப்பவன் எழுந்து ஓடவா முடியும்?

திட்டத்தில் குறை சொல்ல முடியாது. பதினோரு வருடமாக அவன் போகவில்லை, அவ்வளவுதான்.

கோடையில் போய்த் தொலையேன் என்பார்கள் தெரியாதவர்கள். கோடையில் அந்தப் பள்ளத்தாக்கில் நின்றால் செருப்பு உருகும். கூட்டம் இல்லாமல், கீழே மணலில் பூவும் மேலே மலையில் பனியும் ஒரே வாரத்தில் கிடைப்பது பிப்ரவரிக் கடைசியில்தான். அந்தக் கடைசி வாரத்தில்தான் வருடா வருடம் ஒரு புயலும் வரும், வீட்டுத் தொலைபேசியும் அடிக்கும். டெல்மரின் மனைவி வெர்லா இருபத்திரண்டு குளிர்காலமாக மாநில நெடுஞ்சாலையில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறாள்.

"யோவ் டெல்மர், இந்த வருஷமும் படத்துலயே போயிட்டு வந்துடறதா?" என்றான் ஸ்டாவ்ரோஸ். தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன். தலையில் இருக்கும் முடியைவிட வாயில் இருக்கும் பேச்சு அதிகம்.

"இந்த வருஷம் அவ லீவு எழுதிக் கொடுத்துட்டா. கையெழுத்தே ஆயிடுச்சு."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. மேகத்துக்கு யாருய்யா லீவு கொடுத்தது?"

"வானிலை பாத்தாச்சு. சனிக்கிழமைக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல."

ஸ்டாவ்ரோஸ் கண்ணாடியில் டெல்மரின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் குரலை இறக்கி, "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அவளுக்கு வர்றதுக்கே இஷ்டம் இல்லைய்யா. பனி ஒரு சாக்கு" என்றான்.

"தலைய ஆட்டாத."

"நான் எங்க ஆட்டினேன்?"

ஆடியது டெல்மரின் கை. அவனே பல வருடமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருவன் வாயால் கேட்டால் கை ஆடத்தான் செய்யும். தனியாகப் போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. வெர்லா பக்கத்தில் இல்லாமல் ஒரு மணல் மேட்டைப் பார்த்து அவன் என்ன செய்வது? முப்பத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்ததில் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மார்ச் பதினொன்றாம் தேதி அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மணலிலும் பாறையிலும் ஏறுவதைப் பற்றி மருத்துவர், "அப்புறம் பார்ப்போம்" என்று சொன்னார். மருத்துவர்கள் அப்புறம் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று டெல்மருக்குத் தெரியும். விடியும்போது வெர்லாவோடு மரணப் பள்ளத்தாக்கின் மணல் மேட்டு உச்சியில் நிற்க வேண்டும், அவளும் அதை ஆசையோடு செய்ய வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

திங்கள் மாலை சமையலறை மேசையில் திட்டத்தை அவள் முன்னால் வைத்தான். வெர்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"எட்டு மணிக்குக் கிளம்பறதா போட்டிருக்க. டோனபா வழியில கரன்ட் கணவாய்ல நிழல் பக்கத்துப் பனிக்கட்டி அப்போ கல்லு மாதிரி இருக்கும். ஒன்பதரை."

"சரி."

"ஸயன்லேருந்து ப்ரைஸுக்கு மலை மேல ஏன் போற?"

"அழகாயிருக்கும், வெர்லா."

"அழகாத்தான் இருக்கும். அங்க பனி ஒதுக்கற ஷெட்ல ஒரே ஒரு லாரி. ஏழு மணிக்கு மேல ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். கீழ சுத்திப் போ."

அழகான இடங்களின் பட்டியலை அவன் கொடுத்தால் அவள் எந்த ஷெட், எத்தனை லாரி, எந்த வளைவில் காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டும் என்று திருத்திக்கொண்டே போனாள். டயர் சங்கிலி, மண்வெட்டி, தூக்கப் பை, சக்கரம் வழுக்கினால் கீழே போட, வீட்டுப் பூனை மலம் கழிக்கக் கடையில் விற்கும் மணல் ஒரு மூட்டை, எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதினாள். அவன் எழுதியிருந்த வெயில் தொப்பியையும் அடிக்காமல் விட்டாள். முழுத் திட்டத்திலும் 'நல்லாயிருக்கு' என்று ஒரு வார்த்தை கிடையாது. உனக்கு வர இஷ்டமா இல்லையா என்று கேட்க டெல்மர் வாயைத் திறந்தான். திறந்த வாயில் ரொட்டியைப் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை மாலைக்குள் கார் தயார். பெட்டி, தண்ணீர்க் கேன், சங்கிலி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பீன்ஸும் கறியும் கொதித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே முதல் பனி விழுந்தது. சனிக்கிழமை வர வேண்டிய புயல் மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது. தொலைபேசி அடித்தது.

ஷெட்டின் மேற்பார்வையாளர் ரோண்டா. ஒரு ஓட்டுநருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு மணிக்கட்டு முறிவு. மறுமுனைப் பேச்சு டெல்மருக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பதினோரு தடவை கேட்டதுதானே. அடுப்பை அணைத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் காரின் பின்கதவைத் திறந்து முதல் பெட்டியை இறக்கினான். அழுகை வரவில்லை. ஸ்டாவ்ரோஸ் சொன்னது சரிதான் என்று மட்டும் நினைத்தான், அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

"அத ஏன் இறக்கற?" வெர்லா வாசலில் நின்றாள்.

"நீ வேலைக்குப் போகணும்ல."

"போகணும். மேற்குப் பாதைதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டேன். பாதி வழியில இருக்கற எங்க நிலையம் வரைக்கும் ஒரு பக்கம் நான் ஒதுக்கிட்டுப் போறேன். எங்க டிரைவர் ஹெக்டர் அங்க டூட்டில நாலு நாளா கிடக்கறான், வீட்டுக்கு வரத் துடிக்கறான். என் லாரியை எடுத்துக்கிட்டு எதிர்ப் பக்கத்த ஒதுக்கிட்டே வந்துடுவான். நீ கார்ல பின்னாடி வா, அங்கேருந்து சேந்து போயிடலாம். இருநூறடி தள்ளி வரணும். முந்தினே, அங்கயே இறங்கி அடிப்பேன்."

டெல்மர் பெட்டியைத் திரும்ப ஏற்றினான். காதில் விழுந்ததை மனம் நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். முன்னால் அவளுடைய ஆரஞ்சு லாரி, பின்னால் அவன். இருபத்திரண்டு வருடத்தில் வெர்லா வேலை செய்து டெல்மர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் போவதைப் பார்த்திருக்கிறான், களைத்துத் திரும்புவதைப் பார்த்திருக்கிறான், நடுவில் நடப்பது என்னவென்று யோசித்ததே இல்லை. இப்போது பார்த்தான். சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு அடையாளமும் இல்லாத வெள்ளையில் அவள் கோடு போட்டதுபோல் நேராகப் போனாள். பனி லாரியின் முன் தகட்டின்மேல் ஏறிச் சுருண்டு வலப்பக்கம் விசிறியாக விழுந்தது. பாலத்து இரும்பு இணைப்பு வரும் ஒவ்வொரு தடவையும் தகடு அதில் இடிக்காமல் கையளவு தூக்கி, வேகம் குறையாமலே திரும்ப இறக்கினாள். அந்த இணைப்பு கண்ணுக்குத் தெரியவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

கரன்ட் கணவாயில் ஒரு பண்ணைக்காரரின் வண்டி பாதியில் சிக்கி நின்றது. வெர்லா அதைச் சுற்றி இரண்டு தடவை முன்னும் பின்னும் போய், கேக்கிலிருந்து துண்டை எடுப்பதுபோல் வண்டியை விடுவித்தாள். கண்ணாடியை இறக்கி, "மெதுவா போங்க அண்ணே, ஊரு ஒண்ணும் ஓடிப்போகாது" என்றாள். அவர் தொப்பியைத் தூக்கினார். டெல்மருக்கும் தூக்க வேண்டும்போல் இருந்தது. மேலே மேகம் கிழிந்து வெயில் வந்தபோது, அவள் ஒதுக்கிவிட்டுப் போன கருப்புத் தாரின்மேல் காட்டுக் குதிரைகள் நான்கு வந்து நின்றன. எந்தப் பூங்காவின் பட்டியலிலும் இல்லாத காட்சி. தன் பெண்டாட்டி எவ்வளவு பெரிய ஆள் என்று அவனுக்கு அறுபத்திரண்டு வயதில் தெரிந்தது. அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பாதி வழி நிலையத்துக்கு வந்து சேரப் பத்தரை மணி. வெர்லா சாவியைக் கொடுத்துவிட்டு முகம் கழுவ உள்ளே போனாள். நரைத்த மீசைக்காரன் ஹெக்டர் காரின் ஜன்னலில் வந்து குனிந்தான்.

"நீங்கதானா டெல்மர்? உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. இந்தத் தடவை ஸயன் முதல்லயா, ப்ரைஸ் முதல்லயா?"

"ஸயன்" என்றான் டெல்மர். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம எப்படி? புயல் அடிச்சா பன்னெண்டு மணி நேரம் ஆளாளுக்கு லாரியில தனியா கிடப்போம். தூங்கிடக் கூடாதுன்னு ரேடியோல பேசிக்கிட்டே இருக்கணும். வெர்லாவுக்கு வேற பேச்சே கிடையாது. நீங்க எழுதினத ஒரு வரி விடாம சொல்லுவா. இன்னைக்கு ரெண்டாம் நாள், விடியறதுக்குள்ள மணல் மேட்டு உச்சி, அவருக்கு இடுப்பு முடியல, அதனால அரை மணி முன்னாடியே கிளம்பணும்னு. மூணு ஷெட்டுக்காரங்களும் அந்த மேட்டுல வருஷா வருஷம் ஏறி இறங்கறோம். ஏழாவது வருஷத்துத் திட்டம்தான் எனக்குப் பிடிச்சது. அதுல வெந்நீர் ஊத்து இருந்துச்சு."

ஹெக்டர் காரின் கூரையைத் தட்டிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான். வெர்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள்.

"என்ன சொன்னான் ஹெக்டர்?"

"ரோடு நல்லா இருக்காம்."

"பொய் சொல்றான். மேற்க இன்னும் ரெண்டு இஞ்சு கிடக்கு." வெர்லா அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கழற்றின பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"நகரு, டெல்மர். நான் ஓட்டறேன். இப்படி அழுதுக்கிட்டு நீ ஓட்டினா ரெண்டு பேரும் வேற பள்ளத்துக்குத்தான் போய்ச் சேருவோம்."