பூவா, நானா?

அந்தப் பரிசோதனை நிலையத்தின் மேனேஜருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மருத்துவம், அரசியல், அடுத்தவர் மதம், அடுத்தவர் வீட்டுப் பெண்களின் மனசு எல்லாமே அவருக்கு அத்துப்படி. யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

லேபில் ரத்தம் எடுப்பவளின் அம்மா விடிகாலையில் இறந்துபோனார் என்று செய்தி வந்ததும் அவர் முதல் வேலையாகப் பெரிய மலர்வளையம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அதன் குறுக்கே தங்க நிற நாடாவில் நிலையத்தின் பெயர், அதற்குக் கீழே போன் நம்பர். துக்க வீட்டில் நாலு பேர் கண்ணில் பட்டால் நஷ்டமா என்ன?

"சார், அவங்க வீட்டுல பூ வைப்பாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே," என்றாள் எக்ஸ்ரே எடுப்பவள். நிலையத்தில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. லேப்காரிக்கு மட்டும் வெறும் 'நீ'. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். செத்துப்போன அம்மா சர்க்கரை பார்க்க வரும்போதெல்லாம், "ஏண்டி, ரெண்டு பேரும் மெலிஞ்சுபோயிருக்கீங்க? இங்க சோறு போடுறதில்லையா?" என்று இருவரையும் சேர்த்தே திட்டுவார்.

"அவங்ககிட்டயா? கேள்வி கேக்கறதா?" மேனேஜர் சிரித்தார். "வாயைத் திறந்தா போதும், கடிச்சுக் குதறிடுவாங்க. எனக்குத் தெரியாதா!"

வேனில் போகும் வழியெல்லாம் இதே கச்சேரிதான். முஸ்லிம்கள் சாவுக்கு அழ மாட்டார்கள், பிணத்தைப் பார்க்க விடமாட்டார்கள், உள்ளே நம்மைச் சேர்க்க மாட்டார்கள் என்று அடித்துவிட்டுக்கொண்டே வந்தார். போனில் வந்ததையெல்லாம் வேதவாக்காக விழுங்கியவர். எக்ஸ்ரே அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சொன்னதில் எது நிஜம், எது புளுகு என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்பதாவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டு வாசலில் லேப்காரியின் தங்கை புருஷன் நின்றிருந்தான். நிலையத்துக்குக் கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். முகம் கடுகடுவென்று இருந்தது. மேனேஜர் மலர்வளையத்தோடு சாமர்த்தியமாகப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, எக்ஸ்ரே அக்காதான் முன்னால் போனாள்.

"தம்பி, அம்மா முகத்தை ஒரு தடவை பாக்கணும். நான் உள்ள வரலாமா? பூ வைக்கறது உங்க வழக்கத்துல உண்டா? எனக்குத் தெரியாது, அதான் கேக்கறேன்."

அவன் வெடித்தான். "ஏன், பாத்துட்டுப் போய் என்ன எழுதப்போறீங்க? எங்க வீட்டுல சாவு விழுந்தாலும் உங்களுக்கு ஆராய்ச்சிதானா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனால் மேனேஜர் சொன்னது மெய்யாகிவிடும். அதற்காகவே காலை ஊன்றிக்கொண்டாள்.

"நான் கேட்டதுல எது தப்புன்னு சொல்லுங்க தம்பி, திருத்திக்கறேன்."

"எதுவா? உங்க மேனேஜரைக் கேளுங்க. தினம் கடைக்கு வந்து, 'பாய், ஒரு சந்தேகம்'னு ஆரம்பிப்பார். உங்கள்ல எத்தனை பொண்டாட்டி கட்டலாம், உங்க பொம்பளைங்க ஏன் வாயைத் திறக்கறதில்லன்னு. கேட்டுட்டுப் பக்கத்துல இருக்கவனைப் பாத்துக் கண்ணடிப்பார். நாங்க என்ன காட்சிப்பொருளா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் மலர்வளையத்தின் நாடாவை மும்முரமாக நீவிக்கொண்டிருந்தார்.

"அது கேள்வி இல்ல தம்பி, கேலி. நீங்க கோபப்படறது நியாயம். ஆனா அந்த அடி எனக்கு விழ வேண்டியதில்ல. பதில் சொல்ல உங்களுக்கு மனசில்லன்னா, யார்கிட்ட கேக்கணும்னு மட்டும் காட்டுங்க."

"எங்க மார்க்கத்துல அதெல்லாம் கூடாது. அவ்வளவுதான்."

"எது கூடாது? பூவா, நானா?"

மார்க்கத்தை இழுத்து வந்து வாசலில் காவலுக்கு நிறுத்தியவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து லேப்காரி வந்தாள். அழுது வீங்கிய முகம். "யார் கூடாதுன்னு சொன்னது? பொம்பளைக்குக் கஃபன் துணி எத்தனை துண்டுன்னு தெரியாம காலையில பள்ளிவாசலுக்குப் போன் போட்டவரு, இப்ப ஃபத்வா குடுக்கறாரா?" என்றவள் தோழியின் கையைப் பிடித்தாள். "நீ வா. பூவெல்லாம் எங்க வீட்டுல வைக்கறதில்ல. அதை வெளியவே வைக்கச் சொல்லு."

உள்ளறையில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, முகம் மட்டும் திறந்திருந்தது. அந்த முகம் இன்று திட்டவில்லை. எக்ஸ்ரே அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"தொடலாமா?" என்று கேட்டாள்.

"தொடு. உன்னையும்தானே திட்டுவாங்க."

நெற்றியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மெல்லக் கேட்டாள்: "அடக்கம் பண்ற இடத்துக்கு நீ போக மாட்டியா? ஏன்?"

மூலையிலிருந்த பெரியம்மா சீறினார். "இதெல்லாம் கேக்கற நேரமா இது? சாவு வீட்டுல நோட்டம் பாக்க வந்தியா?"

வாசலில் விழுந்தது வீண் அடி. இதில் நியாயம் இருந்தது. "தப்புதாம்மா. இப்ப கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க," என்று உடனே சொன்னாள். பெரியம்மாவுக்கு அதற்கு மேல் திட்ட வழியில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

லேப்காரிதான் பேசினாள். "கேட்டா என்ன பெரியம்மா? நானே எத்தனை தடவை கேட்டிருக்கேன். ஒருத்தர் பொம்பளைங்க கூடாதும்பார், இன்னொருத்தர் போனா குத்தமில்லம்பார். எங்க குடும்பத்துல போறதில்ல. ஆம்பளைங்க தொழுதுட்டு எடுத்துட்டுப் போவாங்க, நாங்க இங்க உக்காந்து ஓதுவோம்." அம்மாவின் முகத்தருகே துணியைச் சரிசெய்தாள். "எனக்குப் போகணும்னுதான் இருக்கு."

பெரியம்மா தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் தள்ளினார்.

மதியத் தொழுகைக்கு முன்பு ஆண்கள் உடலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தங்கை புருஷன் வாசலில் எக்ஸ்ரே அக்காவைக் கண்டதும் தொண்டையைக் கனைத்தான். "நீங்க இவங்களோட உள்ள இருக்கறதுல தப்பில்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். எனக்கும் தெரியும்... சும்மா உறுதிப்படுத்திக்கிட்டேன்."

"கேட்டுச் சொன்னதுக்கு நன்றி தம்பி," என்றாள். கேட்டான் அல்லவா, அதற்குத்தான் அந்த நன்றி. தெரியும் என்றதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேன் ஹாரன் அடித்தது. மேனேஜர் தலையை நீட்டினார். மடியில் மலர்வளையம். வைக்க இடம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டு வரவும் மனசு வரவில்லை. "பாத்தியாம்மா, எப்படிப் பாய்ஞ்சான்! நான் அப்பவே சொன்னேன்ல?"

"அவர் பாய்ஞ்சது உங்க மேல சார். நடுவுல நான் நின்னதால என் மேல பட்டுது."

"சரி சரி, ஏறு. உள்ள என்னதான் நடந்தது?" ஆவலில் அவர் கண் விரிந்தது. நாளைக்கு நிலையத்தில் சொல்லும் கதைக்குச் சரக்கு வேண்டும்.

"நான் வரல. அரை நாள் லீவு போட்டுக்குங்க," என்றாள்.

வேன் கிளம்பியது. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனாள். பெண்கள் ஓதத் தொடங்கியிருந்தார்கள். எங்கே உட்காருவது என்று அவள் தயங்கி நிற்க, பெரியம்மா நிமிர்ந்தும் பார்க்காமல் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.