இரண்டு கரண்டி மாவு

...இன்னும் ஒன்றும் ஆகவில்லை. முழங்கை மடிப்பில்தான் முதலில் அரிக்கும், பிறகு கழுத்து, பிறகு வயிறு பந்துபோல உப்பும், கடைசியில் தலை கனக்கும், இந்த வரிசை மாறியதே இல்லை, மேசைக்கு அடியில் தடவிப் பார்க்கிறேன், தோல் வழவழவென்று இருக்கிறது, சனியன். கம்ப்யூட்டர் கணக்கு வகுப்பு, டேலி சார் பலகையில் எழுதிக்கொண்டே போகிறார், பக்கத்துக் கட்டடத்துப் பவர்லூம் சுவரைக் குடைகிறது, எனக்கோ வாசலில் அண்ணி நின்ற விதம்தான் கண்ணில் நிற்கிறது. வகுப்புக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்வரை காத்திருந்து சொன்னாள். "மத்தியானம் நீ துன்ன தோசையில ரெண்டு கரண்டி கோதுமை மாவு கலந்தேன் ரேணு. இன்னா ஆச்சி? குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீற." சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விளையாட்டு என்று விட்டிருப்பேன்.

வேலூர் டாக்டர் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார், கோதுமையாக இருக்கலாம், விட்டுப் பாருங்கள் என்றார், விட்டேன், சரியானது, எனக்கு அது போதும், அண்ணிக்குப் போதவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை, ராத்திரி சப்பாத்தி. "அவருக்கு சப்பாத்தி, மகாராணிக்கு சோறு, நான் இன்னா ஓட்டலா நடத்திகினு கீறேன்?" உப்புமா வேண்டாம் என்றால், "அது ரவைடி, அதுல ஏது கோதுமை?" ரவை எதிலிருந்து வருகிறது என்று சொன்னால் படித்த திமிர். அண்ணன் கிரண் தட்டைவிட்டுத் தலை தூக்க மாட்டான். அப்படியும் எனக்கென்று தனித் தோசைக்கல், தனிக் கரண்டி இருந்தது, எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் இன்று ராத்திரி அவை பரணுக்குப் போகும், என் தட்டிலும் சப்பாத்தி விழும், இரண்டு வருடம் நான் சுருண்டு கிடந்ததெல்லாம் நடிப்பாகிவிடும்... நடிப்புதானோ? பத்தாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றேனே, அன்று என்ன ஆனது? ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லையென்றால் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? இல்லை, அவள் கலக்கவே இல்லை, என்னைப் பயமுறுத்திப் பார்க்கிறாள். ஆனால் தோசை கொஞ்சம் சவசவவென்று இருந்ததே, அதை அப்போதே நினைத்தேனா, அவள் சொன்ன பிறகு நினைத்தேனா? கழுத்தைச் சொறிகிறேன். சிவந்திருக்கும். நகம் பட்டால் யாருக்கும்தான் சிவக்கும். வா, வந்து தொலை என்று என் வயிற்றைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், நோயை இப்படிக் கூப்பிடுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான், வந்தால் நேராக வீட்டுக்குப் போய் அவள் முகத்துக்கு நேரே கையை நீட்டுவேன், பார், நன்றாகப் பார் என்பேன்.

இடைவேளை. கூடப் படிக்கும் கமலக்கண்ணனுக்கு ரைஸ்மில்லில் கணக்கு வேலை கிடைத்துவிட்டதாம், எல்லோருக்கும் சமோசா. பக்கத்தில் உட்காரும் எழிலரசி வழக்கம்போல என் பங்கையும் சேர்த்தே எடுக்கிறாள், "இவளுக்குத்தான் ஆவாதே, இவ வயித்துக்கு வெளிநாட்டு மாவு கேக்குமாம்." சிரிப்பு. கமலக்கண்ணனும் சிரிக்கிறான், வேலை கிடைத்த தெனாவட்டு. ஆவாதே, ஆவாதே... எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய், எனக்கே தெரியாதபோது? அவள் கையிலிருந்து பிடுங்குகிறேன். கடிக்கிறேன். மேல்தோல் நொறுங்குகிறது, மைதா, சுத்தமான மைதா, எண்ணெய் உதட்டில் வழிகிறது, அண்ணிக்கு இரண்டு கரண்டி போதாதென்றால் இதோ, வராமல் எங்கே போகும், இரண்டாவதையும் எடுக்கிறேன், யாரும் இப்போது சிரிக்கவில்லை. ருசியாக இருக்கிறது, அதுதான் கேவலம், இத்தனை ருசி என்பதை மறந்தே போயிருந்தேன். "இன்னாடி, பேஜார் பண்ணாத, ஆவாதுன்னியே?" எழிலரசியின் குரல் மாறிவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் உறைக்கிறது, இனி வயிறு உப்பினால் தோசையால் என்று எப்படிச் சொல்வேன்? வெளியே எதையோ தின்றுவிட்டு வந்து என்மேல் பழி போடுகிறாள் என்று அண்ணி சொல்வாள். அவள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

சார் உள்ளே வருகிறார். விரல்களைத் தாவணியில் துடைக்கிறேன், மாவு வாசனை போகவில்லை. முழங்கை மடிப்பில், மெல்ல, ஏதோ ஊர்கிறது... எதனால் இது?