பத்தாவது ஆள்

மார்ச் 31. விடியற்காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மழையும் பெய்யவில்லை, காற்றும் அசையவில்லை. அந்தப் புழுக்கத்தில், முதலாளி வீட்டு உணவு மேசையருகே அன்று ஒரு நாற்காலி கூடுதலாகப் போடப்பட்டிருந்தது.

"உட்காருடி," என்றாள் முதலாளியின் மனைவி.

சின்னம்மா உட்காரவில்லை. அவள் முதலாளியின் இறந்துபோன தம்பியின் மனைவி. விதவையாகிய நாள்முதல் பதினான்கு ஆண்டுகளாக அவள் உண்டதெல்லாம் அடுக்களையில். அதுவும் மற்ற எல்லோரும் கை கழுவிய பிறகு.

"என்னக்கா இது, புதுசா?"

"பழகிக்கோ. அதிகாரியம்மா வர்றப்ப எழுந்து எழுந்து நிக்காத. என் சேலை ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், கட்டிக்கோ. கறை படாம திருப்பித் தரணும், ஆமா."

முதலாளி தலைநிமிராமல் உண்டுகொண்டிருந்தார். அவருடைய மனம் கணக்கில் இருந்தது. வீட்டின் பின்னால் இருந்த அட்டைப்பெட்டிப் பட்டறையில் ஒன்பது பேர் சம்பளத்துக்கு வேலை செய்தனர். அவர்களுள் ஒருவன், வெட்டும் இயந்திரத்துக்கு இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு 'மூணுவிரல்' என்னும் பட்டப்பெயரைப் பெற்றுக்கொண்டவன். கண் மங்கிவிட்டதென்று, அன்றோடு அவனை நின்றுகொள்ளச் சொல்லியிருந்தார். அவனோ, வேலையை விட்டு நிற்பவனுக்குச் சட்டப்படி சேரவேண்டிய பணிக்கொடையைக் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுவிட்டான்; அதை விசாரிக்கத்தான் அன்று அதிகாரி வரவிருந்தார்.

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம் செல்லும். பசை காய்ச்சி அட்டையை ஒட்டுகின்ற பத்தாவது ஆள் சின்னம்மா. தம்பி இறந்த மறுமாதமே அவளைப் பட்டறையில் இறக்கிய முதலாளி, எல்லோரும் அவளைச் சின்னம்மா என்றே அழைக்க வேண்டும் என்று கட்டளையிட்டதும் அவளை ஆள்கணக்கில் சேர்க்காமலிருக்கத்தான். உறவுக்கு மரியாதை உண்டு; சம்பளம் கிடையாது.

"கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

"வீட்டு ஆளுன்னு சொல்றேன் மாமா."

"அவ்வளவுதான். வேலை பாக்குறேன்னு வாய் தவறி வந்துச்சு, இந்த வீட்டுப் படி உனக்கு இல்ல. உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

தொழிலாளர் அதிகாரி மாலை ஐந்து மணிக்கு வந்தார். 'வேலை நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை' என்று அவருக்காகவே புதிதாக எழுதப்பட்ட பலகையில் வண்ணம் இன்னும் காயவில்லை. அவசர ஆர்டர் ஒன்று இருந்தமையால், சின்னம்மா இரவல் சேலையோடு அடுப்பருகே நின்று பசையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாரு?"

"நம்ம வீட்டுப் பொண்ணும்மா. சும்மா வேடிக்கை பாக்க வந்திருக்கு."

"கரண்டியோடவா?" என்ற அதிகாரி, அவளிடம் திரும்பினார். "நீங்க இந்த வீட்டு ஆளா?"

சின்னம்மா மூணுவிரலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க. இன்னைக்குக் காலையில இருந்து. மேசையில உக்கார வெச்சு சோறு போட்டாங்க. அதுக்கு முன்னால பதினாலு வருஷமா இங்க வேலைக்காரிதாங்க."

அதிகாரி ஒருமுறை தலைகளை எண்ணினார். "பத்துப் பேர். ஒரு நாள் இருந்தாலே போதும், சட்டம் செல்லும். இவருக்கு இன்னைக்கே கொடுத்தாகணும். மத்தவங்க நிக்கும்போது அவங்களுக்கும்."

முதலாளியின் முகம் கறுத்தது. ஆனால் அவர் சும்மா முதலாளி ஆனவர் அல்லர். நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, காசோலைப் புத்தகத்தை விரித்தார்.

"சட்டம்னா சட்டம்தாம்மா. இவ வேலைக்காரியாவே இருக்கட்டும். ஆனா சேர்ந்தது இன்னைக்குத்தான். பதினாலு வருஷத்துக்குச் சாட்சி?" பேனாவின் மூடியைக் கழற்றியவாறே ஒன்பது பேரையும் பார்த்தார். "செக் எழுத உக்காந்துட்டேன். அதுக்கு முன்னால யாருக்காச்சும் ஏதாவது சொல்லணுமா?"

மற்ற எட்டுப் பேரும் குனிந்து அட்டையை மடிக்கத் தொடங்கினர். மூணுவிரலின் கை மெல்ல உயர்ந்தது. அந்தக் கை பிடரியைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

அதிகாரி சின்னம்மாவிடம் திரும்பினார். "சாட்சி இல்லாம நான் எழுத முடியாதும்மா. தனியா மனுப் போடுங்க," என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார்.

அவருடைய வண்டி கிளம்பியதும் முதலாளி சில ரூபாய்த் தாள்களை மேசைமேல் எறிந்தார். "இந்தா, ஒரு நாள் கூலி. சேர்ந்ததும் இன்னைக்கு, நின்னதும் இன்னைக்கு. வேலைக்காரிக்கு வீட்டுல ரூம் எதுக்கு? துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"முதல்ல என் சேலைய அவுத்து வெச்சுட்டுப் போகட்டும்," என்றாள் அவர் மனைவி. "நாற்காலியில உக்காந்தப்பவே நெனச்சேன், கொழுப்பு ஏறிடும்னு."

சின்னம்மா தன் பழைய சேலைக்கு மாறினாள். இரவல் சேலையைப் பெட்டி மடிப்பதைப்போல் மூலை பிசகாமல் மடித்து, காலையில் தனக்குப் போட்ட நாற்காலியின்மேல் வைத்தாள். கூலியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில், காசோலை இருந்த சட்டைப்பையைப் பொத்தியபடி மூணுவிரல் நின்றிருந்தான்.

"சின்னம்மா... எனக்கு மூணு பொண்ணுங்க..."

அவள் அவனைக் கடந்து போனாள்.

அப்போது பட்டறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. "ஏய் சின்னம்மா! பசை அடிப்பிடிக்குது பாரு! காது என்ன செவிடா?" என்று பதினான்கு ஆண்டுப் பழக்கத்தில் கூவினாள் முதலாளியின் மனைவி.

தெருவில் இறங்கிவிட்டவள் திரும்பி நின்றாள்.

"வேலை நேரம் முடிஞ்சு போச்சுங்க, முதலாளியம்மா."

மணி ஆறு பத்து.