கறுத்துப்போன வலது ஓரம்

பிலோமினம்மாளுக்கு வலது தோளில் ஆரம்பித்த வலி, மதியம் ஒரு மணிக்குக் கழுத்துக்கு ஏறிவிட்டது. காலையிலிருந்து டெலக்ஸ் இயந்திரத்தில் நாற்பது செய்தி அடித்திருந்தாள். சனிக்கிழமை, கப்பல் ஏஜென்ட் ஆபீசில் அரைநாள்தான் வேலை. பையைத் தோளில் மாட்டும்போது இயந்திரம் மறுபடி கடகடத்தது. கடலுக்கு அந்தப் பக்கம், மெட்ராஸ் ஆபீஸ் பரமசிவம். ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்துப் பேசிக்கொள்கிறவர்கள். முகம் பார்த்ததில்லை.

"அக்கா, கப்பல் நாளைக்கு வருது. சரக்கு அடுக்கின படம் இத்தோட இணைச்சிருக்குன்னு உங்க லெட்டர் சொல்லுது. உறைக்குள்ள படத்தக் காணோம்."

மேனேஜர் அலெக்சாண்டர் கையில் குடையோடு நின்றார். "புது ஃபேக்ஸ் மெஷின் இருக்குல்ல, அதுல போடுங்க லா." ஊர்ப் பேச்சின் 'லா' அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ராட்டர்டாமுக்குப் போடலாம் சார். மெட்ராஸ் ஆபீஸ்ல ஃபேக்ஸ் ஏது? டெலக்ஸ்ல எழுத்துதான் போகும், படம் போகாது."

"அப்ப எழுத்தாவே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டார்.

கப்பலின் அடித்தட்டில் வலது ஓரத்து இரண்டு வரிசையும் அமில டிரம். அது தெரியாமல் சரக்கு இறக்கப் போகிறவன் வெறுங்காலோடு இறங்குவான். அவள் பையைக் கீழே வைத்தாள். பலகைக்கு ஓர் எழுத்து, எண்ணெய்க்கு ஓர் எழுத்து, அமிலத்துக்கு எக்ஸ் என்று வைத்துக்கொண்டு, படத்தைக் கட்டம் கட்டமாகத் திரையில் அடித்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. அனுப்பினாள்.

"வலது ஓரம் பூரா ஒரே கரியா இருக்கு அக்கா. எழுத்து மேல எழுத்து குத்தியிருக்கு."

அவளுக்கு உடனே விளங்கியது. இங்கே திரையில் வரிக்கு எண்பது எழுத்து. பரமசிவத்தின் பழைய இயந்திரம் அறுபத்தொன்பதோடு நின்றுவிடும். மிச்சமெல்லாம் அதே இடத்தில் விழும். கறுத்துப்போனது அமில வரிசைகள்தான்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும். ரெண்டு பாதியா அனுப்புறேன், ஓரத்தோட ஓரம் வச்சு ஒட்டுங்க. கோந்து இருக்கா?"

"கோந்து பீரோவுல, சாவி ஹெட்கிளார்க் வீட்டுல. சோறு இருக்கு. இப்பத்தான் டிபன் பாக்ஸத் தொறந்தேன்."

ஆளில்லாத ஆபீசில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒவ்வொரு பாதிக்கும் அடியில் மொத்தம் எத்தனை வரி என்று அடித்து அனுப்பினாள். கால் மணி நேரம் கழித்து இயந்திரம் கடகடத்தது.

"ஒட்டியாச்சு. அமிலம் பத்தாவது, பதினோராவது வரிசை. முப்பத்தாறு டிரம். சரியா?"

மூலப் படத்தில் விரல் வைத்து எண்ணினாள். முப்பத்தாறு.

"சரி. பூட்ஸ், கையுறை இல்லாம ஒருத்தரையும் எறக்கிடாதீங்க."

"எறக்க மாட்டேன். நீங்க சாப்டீங்களா?"

"இனிமேதான். படத்துல ஒட்டினது போக சோறு மிச்சம் இருந்தா அனுப்புங்க."

நாலரை மணிக்கு தேக்கா மார்க்கெட்டில் மீன் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டாள். தோள் வலித்தது. சோறு ருசியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மெட்ராசிலிருந்து வந்த செய்தியைக் கிழித்து அலெக்சாண்டரிடம் கொடுத்தாள். முப்பத்தாறு டிரம்மும் இறங்கிவிட்டன, யாருக்கும் காயமில்லை. அவர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"குட். வர்ற சனிக்கிழமையும் கொஞ்சம் இருந்துட்டுப் போங்க, ரெண்டு கப்பல் இருக்கு."

"போன சனிக்கிழமைக்குப் பதில் லீவு, சார்?"

"பாப்போம் லா."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, அடுத்த செய்தியை அடிக்க ஆரம்பித்தாள். கம்பெனி அவளுக்குத் தரவேண்டிய அரைநாள் லீவு அன்றோடு பதினொன்று.