இடது சேனல்

ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் சூடேறும்வரை ஹெட்போனை மாட்டக்கூடாது. முதலில் கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரியும், பிறகு அது இழையாகும், அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். அன்றைக்கும் காத்திருந்து மாட்டினேன். இடது பக்கம் மந்தமாகவே இருந்தது. வலது காதில் தாளத்தட்டு சில்லென்று விழுந்தது. இடது காதில் அதே தட்டை யாரோ ஈரத்துணி போட்டு மூடிவிட்டு அடிப்பதுபோல் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் பெட்டிக்குள் இருநூற்றைம்பது வோல்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அவசரப்பட்டுக் கை வைத்தால் தூக்கி அடிக்கும். அதனால் மறுபடியும் காத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க நான் ஒழுங்காகச் செய்த வேலை காத்திருப்பது மட்டும்தான்.

எர்ணாவூர் குடியிருப்பில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். என் மனைவி வினிதா காலையில் காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்கு பில் போடப் போனதும் சமையல்மேடை என்னுடையதாகிவிடும். அடுப்பைத் தள்ளிவைத்துவிட்டு சால்டரிங் அயர்னைச் சொருகுவேன். ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று. மூடினால் சால்டர் புகை. திறந்துவைத்ததில் வால்வு மாட்டும் சாக்கெட்டுகளின் கால்களில் பச்சை பூத்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சுரண்டித் துடைத்தேன்.

நான் மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரஸர் அறையில் மீட்டர்களைப் பார்த்து எழுதும் வேலை. எல்லாருக்கும் ஷிஃப்ட் மாறும், எனக்கு மட்டும் வருஷக்கணக்கில் மாறவில்லை. பகலில் தூங்க முடியாத வீட்டில் பகலில் தூங்கவேண்டும். கீழே தண்ணீர் லாரி, மேலே துணி துவைக்கும் சத்தம். கடைசியில் தூக்கம் என்பதே எனக்கு மறந்துபோனது. ஒருநாள் மாத்தூர் முனையில் கம்பெனி வேன் வந்து நின்றது, கதவு திறந்தது, நான் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். அவ்வளவுதான். இதில் பெரிய கதை எதுவும் இல்லை. ஆனால் மறுபடி அந்த வேனில் ஏற என்னால் முடியாது. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அதனால்தான் கார்குழலியிடம் போனேன். பாலிடெக்னிக்கில் என்னுடன் படித்தவள். யானைக்கவுனியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கிறாள். வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர்கள் கட்டிக்கொடுப்பாள், பழுது பார்ப்பாள். பெரிய பெரிய வீடுகளிலிருந்து ஆள் அனுப்பி வாங்கிப்போகிறார்கள். பகல் வேலை. ஆறு மணிக்கு ஷட்டர் போட்டுவிடுவாள். ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

"தோஸ்துன்றதுக்காக எல்லாம் பெஞ்ச்ல குந்த வெக்க முடியாதுடா," என்றாள். "வாயால சொல்றத வுடு. ஒரு ஹெட்போன் ஆம்ப் நீயே கட்டி எடுத்துனு வா. பாட்டு இல்லாதப்ப ஒரு சத்தம் வரக்கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பேசணும். என் கஸ்டமருங்களுக்கு மீட்டர்லாம் வேலைக்கு ஆவாது. ஒருத்தரு ஒருத்தருக்கும் காதுதான் மீட்டரு. உனுக்கும் அப்டி ஒரு காது கீதான்னு பாக்கணும்."

முதலில் உறுமல் இருந்தது. தூரத்தில் லாரி நிற்பது போன்ற உறுமல். பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம் பக்கத்து ஒயர்களில் ஏறிக்கொள்கிறது என்று புரிந்ததும் அதைக் கழற்றி, குறுக்குவாட்டில் திருப்பி, வேறு இடத்தில் துளைபோட்டு மாட்டினேன். வால்வுக்குச் சூடு கொடுக்கும் ஒயர்களைச் சடைபோல் இறுக்கிப் பின்னினேன். உறுமல் செத்தது. பாட்டு இல்லாதபோது காதில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு சமையல்மேடை ஓரம் வெகுநேரம் நின்றேன். பல வருஷமாக நான் கேட்டிராத சத்தம் அது.

பிறகு பாட்டைப் போட்டேன். இடது பக்கம் மந்தம்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. சந்தேகப்படும் பொருளை இடமிருந்து வலம் மாற்று. கோளாறு அதனுடன் நகர்ந்தால் அதுதான் குற்றவாளி. நகராவிட்டால் அடுத்ததைப் பிடி. வால்வுகளை மாற்றினேன். மந்தம் நகரவில்லை. கபாசிட்டர்களைக் கழற்றி மாற்றினேன். நகரவில்லை. ஹெட்போன்தான் கெட்டிருக்குமோ என்று வினிதாவின் தம்பி உதயாவின் ஹெட்போனை வாங்கி மாட்டினேன். அதிலும் இடதுதான் மந்தம். ஆக ஹெட்போனில் குற்றமில்லை என்று முடிவுகட்டினேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ். மீட்டர் மலிவானது, அதற்கு என்ன தெரியும் என்று மூடிவைத்தேன்.

வினிதா சாயங்காலம் வந்து, மேடையில் கிடந்த ஒயர்த் துண்டுகளைக் கையால் வழித்து ஓரம்கட்டிவிட்டு அரிசி கழுவினாள்.

"உன் கம்பெனி கான்ட்ராக்டரு என் நம்பருக்கு போன் போட்டான்யா."

"இன்னா?"

"கான்ட்ராக்டரு! போன் போட்டான்! திங்கக்கெழம வந்தா பழைய எடத்துலயே எடுத்துக்கறானாம். இல்லாட்டி வேற ஆளு போட்டுர்வானாம்."

"நீ இன்னா சொன்ன?"

"யோவ், ஏன் கத்தற? பக்கத்துலதான கீறேன். சொல்றோம்னு சொன்னேன். அந்த யானைக்கவுனிக்காரி இன்னா சொல்றா?"

"கட்டி முடிச்சா எடுத்துப்பா."

"கட்டி முடி," என்றாள். குக்கர் மூடியைப் போட்டு, அது சரியாக உட்காராததால் மறுபடி எடுத்துப் போட்டாள். "நான் ஒண்ணும் உன்ன அந்த வேன்ல ஏறச் சொல்லல. நீ தூங்காம செவுத்தப் பாத்துகினு குந்திருந்தத நான்தான பாத்தேன். ஆனா எதுனா ஒண்ணு சொல்லணும்ல அவனுக்கு."

மறுநாள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இடது பக்க வால்வின் அடியில் இருக்கும் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு சின்ன கபாசிட்டரை வைத்தால் மேல்ஸ்தாயியை மட்டும் தூக்கிக்கொடுக்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது அல்ல அது, ஒட்டுப்போடுவது. தெரிந்துதான் செய்தேன். ஒரு அளவு போதவில்லை, அதைவிடப் பெரியது வைத்தேன். மூன்றாவதில் தாளத்தட்டு இரண்டு காதிலும் ஒரே மாதிரி விழுந்தது. பாடுகிறவள் நேராக என் நெற்றிக்கு எதிரே வந்து நின்றாள்.

உறுதிப்படுத்த உதயாவைக் கூப்பிட்டேன். அவன் விசைப்படகில் என்ஜின் பார்க்கிறான். கடலுக்குப் போய்விட்டு வந்த மறுநாள், கண் சிவந்துபோய் வந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"எப்டிடா கீது?"

"ஆங்?"

"எப்டி கீதுன்னேன்!"

"சோக்கா கீது மாமா! ரெண்டு பக்கமும் ஒரே கணக்கா கீது! இத்த படகுல வெச்சா தூக்கமே வராது!" கீழ் மாடியில் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் தெருவிலும் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.

சனிக்கிழமை ஆம்ப்பை பழைய பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். குழலி கடையில் தனியாக இருந்தாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒயர் பின்னியிருந்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினாள். அது அவளுடைய பாராட்டு. சூடேறும்வரை காத்திருந்து தன் ஹெட்போனை மாட்டினாள்.

"சத்தமே இல்ல. சபாஷ்," என்றாள். பாட்டைப் போட்டாள். உடனே முகம் சுளித்து இடது பக்கத்தைக் காதிலிருந்து பிய்த்தாள்.

"இன்னாடா இது, லெஃப்ட்டு ஊசில குத்துது!"

"எனக்கு சமமாதான் கேட்டுது."

"பீலா வுடாத. கண்ணாலயே பாரு." ஒலியைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை இணைத்தாள். திரையில் இரண்டு கோடுகள். கீழ்ஸ்தாயியில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அவள் குமிழைத் திருகி மேல்ஸ்தாயிக்கு ஏற்ற ஏற்ற, இடது கோடு மட்டும் வீங்கி வெளியே வந்தது. பெட்டியைக் கவிழ்த்தாள். கபாசிட்டர் உடனே கண்ணில் பட்டுவிட்டது.

"இது இன்னாத்துக்கு இங்க கீது? ரைட்டுல இல்ல, லெஃப்ட்டுல மட்டும் கீது?"

"டெஸ்ட்டுக்கு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

அவள் நம்பினாள். நம்புகிற மாதிரியான பொய்தான். கட்டரால் இரண்டு கால்களையும் வெட்டினாள், கபாசிட்டர் தரையில் விழுந்தது. மறுபடி ஸ்கோப். கோடுகள் கடைசிவரை ஒட்டிக்கொண்டு போயின. மறுபடி ஹெட்போன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

"மெய்யாலுமே சூப்பரா கீதுடா," என்றாள். "இந்தா, நீயே கேளு."

மாட்டினேன். இடது பக்கம் ஈரத்துணி.

நான் செய்யாமல் விட்டிருந்தது ஒன்றே ஒன்று. அவள் குனிந்து தரையில் கபாசிட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டினேன். துணி இடத்தைவிட்டு நகரவில்லை. வலது காதில் இப்போது இடது சேனல், தெளிவாக, கண்ணாடிபோல். மந்தம் என் தலையின் இடது பக்கத்திலேயே இருந்தது.

கம்ப்ரஸர் அறையில் இரண்டு காதுக்கும் பஞ்சு வைத்தால் இன்டர்காம் கேட்காது. கேட்காவிட்டால் தூங்கிவிட்டான் என்று எழுதிவிடுவார்கள். அதனால் எல்லாரும் ஒரு காதுக்குத்தான் வைப்போம். இன்டர்காம் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறதோ அந்தக் காது திறந்திருக்கும். என் நாற்காலிக்கு இன்டர்காம் இடது பக்கம். கம்ப்ரஸரும் இடது பக்கம். புதிதாக வருகிறவனுக்கு முதல் ஷிஃப்டிலேயே இதைச் சொல்லிக்கொடுப்போம். நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"இன்னாடா மூஞ்சி தொங்கிபோச்சு? பாஸ் ஆய்ட்ட, கயித!" குழலி நிமிர்ந்து சிரித்தாள். "திங்கக்கெழம வா. இல்ல, இன்னாத்துக்கு திங்கக்கெழம, இப்பவே குந்து. உனுக்குன்னே ஒரு பேஜார் புடிச்ச கேஸ் வெச்சிகீறேன்."

அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தாள். அவளே கட்டிக்கொடுத்த ஆம்ப்தான். வாங்கியவர் செங்குட்டுவன் என்று ஒருவர், ராயபுரத்துக்காரர், ரிட்டயர் ஆனவர்.

"திரும்பத் திரும்ப எடுத்துனு வராரு. லெஃப்ட்டு மந்தமா கீதுன்றாரு. வால்வு மாத்தி குட்த்தேன். ஸ்கோப்புல நேராதான் போவுது. எனக்கும் நல்லாதான் கேக்குது. 'உன் மெஷின் பொய் சொல்லுதும்மா'ன்றாரு. தோ, இப்ப வருவாரு. உன் காதால கேட்டு சொல்லு. மந்தம் கீதா, இல்லியா?"

சூடேறும்வரை காத்திருந்தோம். நேராக மாட்டினேன். இடது மந்தம். கேட்டது போதும் என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் கழற்றித் திருப்பி மாட்டினேன். வலது காதில் அவருடைய இடது சேனல் சுத்தமாகப் பாடியது.

"இதுல ஒண்ணும் இல்ல குழலி. ஆம்ப் நல்லா கீது."

"அப்ப அந்த ஆளு சும்மா டபாய்க்கிறாரா?"

"இல்ல. அவருக்கு மந்தமாதான் கேக்கும்."

"அது எப்டி உனுக்கு தெரியும்?" என்றவள், என் காதருகே கையை நீட்டி ஹெட்போன் விளிம்பைத் தொட்டாள். வலது காதின்மேல் இடது என்று எழுதியிருந்தது. "இத்த இன்னாத்துக்கு மாத்தி மாட்டிகினுகீற?"

ஹெட்போனைக் கழற்றினேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவருடைய ஆம்ப் பிரச்சினை இந்த நிமிடமே தீர்ந்துவிடும். அதற்கப்புறம் காதை மீட்டராக வைத்து நடக்கும் கடையில் ஒரு காதுக்காரனுக்கு பெஞ்ச்சில் என்ன வேலை என்று அவள் கேட்பாளா, கேட்கமாட்டாளா என்று தெரியவில்லை. கேட்காமல் இரக்கப்பட்டால் அதுவும் எனக்குத் தாங்காது. என் கண்ணுக்குள் மாத்தூர் முனையில் வேன் கதவு திறந்து நின்றது.

"இன்னாம்மா! லெஃப்ட்டு ரெடியா!"

பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். வாசலில் செங்குட்டுவன். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, கையில் மஞ்சள் பை. துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் என்ஜின் அறையில் இருந்தவர் என்று குழலி அப்போதுதான் சொன்னாள், உட்காருங்க சார் என்பதற்கு நடுவே, எனக்காக. அவர் உட்காரவில்லை. அவள் சொன்னது என்னவென்று தெரியாமல் முகத்தைத் திருப்பி, வலது காதை மேசைக்கு மேல் நீட்டி, அதன் பின்னால் கையை மடித்து வைத்துக்கொண்டார்.

குழலி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்தாள். என் இடது தோளை ஒட்டி நின்றுகொண்டு, எதிரே எரிந்துகொண்டிருந்த வால்வுகளைப் பார்த்தபடியே உதட்டை அசைத்து மிக மெதுவாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் செங்குட்டுவனும், காதின் பின்னால் வைத்த கையை எடுக்காமல், நான் சொல்லப்போவதற்காகக் குனிந்தார்.