நாலரை மணி நிழல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை யோசித்துப் பிறந்ததில்லை, நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. விவசாயிகளுக்கு சோலார் மோட்டார் போட்டுக்கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு ‘வெற்றிக் கதைகள்’ எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. திண்டிவனத்தில் வாடகை வீடு, சிறுகதை எழுதுகிறவன் என்று ஒரு சின்னப் பெயர். அந்தப் பெயர் சோறு போடாததால் இந்த வேலை.

2

தொடக்கம் ஒன்று: “உலகம் முழுக்க எண்ணெய்க்கு மாற்றாக, எல்லோருக்கும் கட்டுப்படியாகும் ஓர் ஆற்றலைத் தேடி அறிஞர்களும் அரசுகளும்” [விட்டுவிட்டேன். ‘உலகம்’ என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் எதையோ மறைக்கிறேன்.]

தொடக்கம் இரண்டு: “எழுதப் படிக்கத் தெரியாத தையல்நாயகி” [பொய். அவர் பத்தாவது வரை படித்தவர். படிக்காதவராக்கிவிட்டால் ஏமாந்தது அவர் குறையாகும், என் பங்கு குறையும் என்று கை தானாக எழுதிவிட்டது.]

தொடக்கம் மூன்று: “அன்றைக்குக் காலையிலேயே கிளம்பியிருந்தால்” [இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.]

3

காலையிலேயே கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மார்கழி மாதம். நானும் புகைப்படக்காரன் அரிபிரசாத்தும் கோலியனூர் பக்கம் வேங்கடேசன் என்பவரின் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. வழியில் சாப்பாடு, அப்புறம் டீ, அப்புறம் அவனுக்குத் தெரிந்த யாரோ ஒருவர். வெயில் சாய்ந்துவிட்டது. சோலார் மோட்டார் ஓடியது, ஆனால் தண்ணீர் விரல் தடிமனுக்குத்தான் வந்தது.

“பதினோரு மணிக்கு வந்திருந்தா தொட்டி ரொம்பி வழிஞ்சிருக்கும் சார்,” என்றார் வேங்கடேசன். உண்மைதான். அவர் கிணற்றுக்கு அந்த மோட்டார் நன்றாகவே உழைத்தது. பழைய டீசல் இன்ஜினை அவசரத்துக்கு மட்டும் வைத்திருந்தார்.

“இன்ஜினை ஒரு அஞ்சு நிமிஷம் ஓட்டுங்களேன்.”

“அது டீசல் தண்ணி சார்.”

“தண்ணியில எழுதியா இருக்கு?”

முதல் வரைவில் இதை அரிபிரசாத் சொன்னதாக எழுதியிருந்தேன். சொன்னது நான்.

இன்ஜினும் புகையும் படத்துக்கு வெளியே நின்றன. படத்துக்குள் பின்னால் சோலார் பேனல், முன்னால் கை தடிமனுக்குக் கொட்டும் தண்ணீர், பக்கத்தில் வேங்கடேசன், அவருடைய நீண்ட நிழல். அடியில் “மாலை வெயிலிலும் குறையாத தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல்” என்று எழுதினேன். அன்றைக்கு அந்த வரியைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சூரியன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எண்ணெயை விட்டு நாம் வெளியே வரத்தான் வேண்டும். இந்தக் கதையைக் காட்டி யாராவது ‘சோலாரெல்லாம் சும்மா’ என்று பேசினால் அது நான் செய்த இரண்டாவது கெடுதலாகிவிடும்.

4

ஒரு வருஷம் கழித்து, மாசியில், அதே நிறுவனத்தின் சோலார் மோட்டார் போட்ட தையல்நாயகி என்ற விவசாயி போன் செய்தார். வேங்கடேசன் படத்தின் கீழே இருந்த என் பெயரை வைத்து விசாரித்து நம்பர் வாங்கியிருந்தார். போய்ப் பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். இரண்டு ஏக்கர், முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பாதிக்கு மேல் இலை சுருண்டு நின்றது.

“பூ உட்டு விழுது எறங்குற நேரம் சார். இப்ப தண்ணி இல்லன்னா காய் புடிக்காது. மோட்டார் ரெண்டு மணி வரைக்கும் இழுக்குது, அப்புறம் திணறிக்கினு நிக்குது. முக்கா ஏக்கர்கூட நனையல. பேஜாராயிருக்கு.”

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான் எழுதிய பக்கம்.

“கம்பெனி இன்ஜினியர் எங்க கெணறு ஆழம், பெரிய மோட்டார்தான் போடணும்னாரு. நான்தான் வாணாம், படத்துல இருக்கற அதே மோட்டாரு போதும்னேன். நீங்க எழுதுனத நம்பல சார். எழுதறவங்க எத வேணா எழுதுவாங்க. நெழலப் பாத்தேன். பேனலு தெக்க பாத்து நிக்குது. நெழலு கெழக்கால நீண்டு கெடக்குது. அப்போ அது சாயங்காலம், நாலு, நாலரை. அந்த நேரத்துக்கே இவ்ளோ கொட்டுதுன்னா, எங்க கெணறு முப்பதடி அதிகம்னாலும் பகலுக்குப் போதும்னு கணக்குப் போட்டேன். தப்பா சார்?”

கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

“கரண்டு சர்வீஸுக்குப் பதினோரு வருஷமா வரிசையில இருந்தேன். கிட்ட வந்துடுச்சி. சோலார் போட்டா அது வாணாம்னு எழுதிக் குடுக்கணும்னாங்க, குடுத்துட்டேன். இன்ஜினையும் வித்துட்டேன். அந்தக் கோலியனூர்காரருக்கு வர்ற தண்ணி எனக்கு ஏன் சார் வரல?”

“மண்ணு வேற மாதிரி இருக்கலாம்,” என்றேன்.

மோட்டாருக்கும் மண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அது அவருக்குத் தெரியும். வீடு தேடி வந்தவனிடம் அதைச் சொல்லக் கூடாது என்று தாளை உறைக்குள் திரும்ப வைத்தார். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

5

முடிவு அ: மழை பெய்கிறது. [மாசியில்.]

முடிவு ஆ: நிறுவனமே பெரிய மோட்டாராக மாற்றித் தருகிறது. தையல்நாயகி சிரித்தபடி [இது இன்னொரு வெற்றிக் கதை. பழக்க தோஷம்.]

முடிவு இ: நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் என்னை மன்னிக்கிறார். [மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா? வெட்கமாக இருக்கிறது.]

6

நடந்தது வேறு. கிளம்பும்போது அவர் ஒரு வெள்ளைத்தாள் கொண்டுவந்தார். “வரிசையில எம் பேரத் திரும்பச் சேக்கச் சொல்லி மனு குடுக்கணும். நீங்க எழுதறவரு, எழுதிக் குடுங்க.”

எழுதினேன். மனு என்றால் சில சொற்கள் தாமாக வந்துவிடும். ‘எனது அறியாமையால் மேற்படி முன்னுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டேன்’ என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அவர் வரிவரியாகப் படித்து, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இது வாணாம் சார். நான் தெரியாமப் பண்ணல. பாத்துப் பாத்துத்தான் பண்ணேன். வேற காரணம் போடுங்க.”

டைப் செய்து எடுத்துவருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். எல்லாம் டைப் ஆகிவிட்டது. ‘விட்டுக்கொடுத்ததற்குக் காரணம்’ என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அங்கே வரவேண்டியது ஒரே வரி. அதை எழுதினால், பதினோரு வருஷம் காத்திருந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்க ஒரு வழி உண்டு. எழுதினால் என் பெயரும் வேலையும் போகும். எது பெரிது என்று எனக்குத் தெரியாமலில்லை. இருந்தும் மூன்று நாளாக அந்த ஒரு வரியை எழுதாமல், அதற்குப் பதிலாக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாளை திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலக வாசலில் ஒன்பது மணிக்கே வந்து நிற்பதாகத் தையல்நாயகி சொல்லியிருக்கிறார். நான் போவேன் என்றுதான் நினைக்கிறேன். போகாவிட்டால், நீங்கள் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். காரணம் உங்களுக்கும் தெரியும்.