விட்ட இடத்திலிருந்து

விரல் படாமல் இருந்தால் படம் ஓடியது. விரல் பட்டால் திரை கறுத்துப்போனது.

காலையிலிருந்து தண்டபாணி கண்டுபிடித்தது இவ்வளவுதான். அவன் மேசையில் இருந்தது இன்னும் கடைக்கு வராத போன். மேலுறை கிடையாது, பச்சைப் பலகையும் அதன்மேல் ஒரு திரையும், அவ்வளவுதான். அதில் பூட்டிய படம் ஒன்று ஏற்றியிருந்தார்கள். காசு கட்டியவர் பார்க்கலாம், நகல் எடுக்க முடியாது, அப்படிப்பட்ட படம். ஓடவிட்டதும் பூட்டுத் திறக்க ஒரு மூச்சு விடும் நேரம் ஆகும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் படம் வந்துவிடும். பொறுக்காமல் திரையைத் தடவினால் கறுப்பு. அதுவும் ஒவ்வொரு தடவையும் இல்லை. சில தடவை தடவினாலும் ஓடித் தொலைத்தது. அதுதான் தொல்லை. எப்போதும் கெடுகிற சாமானை எப்படியும் பிடித்துவிடலாம். நினைத்தபோது கெடுகிறதை எங்கே போய்ப் பிடிப்பது?

தானாக ஓடும் சோதனைகள் எல்லாமே தேறியிருந்தன. தானாக ஓடும் சோதனைக்கு விரல் கிடையாது.

"உன் கையில என்ன, கரண்டு ஓடுதா?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான் பிளஸ்ஸன். செகந்திராபாத்தில் தாத்தா காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம் அவனுடையது. தமிழ் வீட்டில் கற்றது, மிச்சமெல்லாம் தெருவில் கற்றது. "நக்கோ யா, அதைத் தொடாத. நீ தொட்டதெல்லாம் கறுப்பாவுது."

"வேர்வையா இருக்குமோ பிளஸ்ஸா? நெசமாத்தான் கேக்கறேன்."

"ஏசிக்கு நான் ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கேன். உனக்கு வேர்க்குதா?"

வேர்த்தது. அதற்குக் காரணம் இருந்தது.

தண்டபாணி பழனியிலிருந்து மாதாப்பூருக்கு வந்தது டெஸ்டிங் வேலைக்கு. கீழ்த்தளத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போன் திரைகளைத் தட்டுவதும் தேய்ப்பதும்தான் வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வி அவனை விடவில்லை. தானாகப் படித்து, கேட்டுக் கேட்டு நச்சரித்து, போன கோடையில்தான் போனின் அடிப்படை நிரலை எழுதும் மேல்தளத்துக் கெர்னல் குழுவில் ஓர் இருக்கை வாங்கியிருந்தான். அதுவும் பார்த்துச் சொல்கிறோம் என்ற கணக்கில். அங்கே அவனுக்குக் கிடைத்த முதல் வேலை, பழைய நிரலின் ஒரு மூலையைத் துடைத்துச் சுத்தம் செய்வது.

அந்த மூலையின் கதை இப்படி. போனின் பிராசஸருக்குள் இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னறையில்தான் நாம் பார்க்கும் எல்லா வேலையும் நடக்கிறது. அங்கே மேலாள் கெர்னல். உள்ளறையில், பூட்டிய படங்களைத் திறக்கும் சாவிகள் இருக்கின்றன. முன்னறையிலிருந்து யாரும் அங்கே எட்டிப் பார்க்க முடியாது. இதில் வேடிக்கை, இரண்டு அறைக்கும் வேலையாள் ஒருவன்தான். கெர்னலுக்கு உள்ளே ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால், ரெஜிஸ்டர் எனப்படும் சின்னத் தட்டுகளில் 'இன்ன வேலை, இன்ன இடத்தில் விவரம்' என்று எண்களை வைத்துவிட்டு, ஒரே ஒரு கட்டளையைச் சொல்ல வேண்டும். அடுத்த கணம் ஆள் உள்ளே போய்விடுவான். திரும்பி வரும்போது முதல் தட்டில் பதில் இருக்கும்.

இந்த ஒரு கட்டளைக்காகப் பழைய நிரலில் நான்கு கோப்புகளில் பிராசஸரோடு நேரடியாகப் பேசும் அதே அசெம்பிளி வரிகள் ஒட்டப்பட்டிருந்தன. இங்கிருந்து அங்கே தாவு, அங்கிருந்து இங்கே தாவு என்று பார்க்கவே கண் கூசும். தண்டபாணி நான்கையும் பிடுங்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் கூப்பிடும்படி ஒரே ஃபங்ஷனாக எழுதினான். தாவல்கள் போய், வேலை முடியும்வரை திரும்பத் திரும்பச் சுற்றும் அழகான ஒரு லூப் வந்தது. எழுதியதைவிட அழித்தது அதிகம். அந்தத் திருப்தியில் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினான்.

அப்புறம் யாரோ ஒருவர் விரலை வைத்தார்.

சுபாஸ்ரீ அவனிடம் வந்து நின்றாள். குழுத் தலைவி. மாம்பலத்துக்காரி, குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, அதனாலேயே எல்லோருக்கும் அவளிடம் பயம்.

"தண்டபாணி, சாயங்காலம் கூரியர்காரர் வருவார். போர்டு கஸ்டமருக்குப் போயாகணும்."

"தெரியுங்க."

"அதுக்குள்ள காரணம் கெடைக்கலேன்னா, உங்க கிளீனப் மொத்தத்தையும் எடுத்துட்டுப் பழசையே போட்டுடறேன். தப்பா எடுத்துக்காதீங்கோ."

"இல்லைங்க."

"கீழ டெஸ்டிங்ல உங்க பழைய சீட் இன்னும் காலியாத்தான் இருக்காம். கேட்டு வெச்சிருக்கேன்." ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆறுதலாகச் சொன்னதுதான் அவனை அறுத்தது.

அவள் போனதும் பிளஸ்ஸன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "ஹவ், ஆமா, இப்ப சீரியஸ். வா, ஒண்ணொண்ணா பார்ப்போம்."

முதலில் பேனா மூடியால் திரையைத் தேய்த்தார்கள். படம் ஓடியது. பேனா மூடியை அந்தத் திரை உணராது. தோல் பட்டால்தான் அதற்குத் தெரியும். ஆக, அழுத்தம் காரணமில்லை. பிறகு தண்டபாணி கையை ஒதுக்கிவிட்டு, பூட்டுத் திறக்கும் நேரம் பார்த்து சார்ஜர் வயரைச் செருகினான். திரை கறுத்தது.

"பாத்தியா! விரலே இல்ல!" என்றான் பிளஸ்ஸன்.

தண்டபாணி வயரைப் பிடித்தபடியே யோசித்தான். விரலும் சார்ஜரும் ஒன்று சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டுமே பிராசஸரின் வாசல் மணியை அடிக்கின்றன. விரல் பட்டால் 'என்னைக் கவனி' என்று திரை மணியடிக்கும்; வயர் செருகினால் சார்ஜர் மணியடிக்கும். மணி அடிக்கும்போது வேலையாள் உள்ளறையில் இருந்தால்? பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வருவான். முதல் தட்டில் பதிலுக்குப் பதிலாக 1 என்று வைப்பான். 'முடியவில்லை, இடையில் வந்திருக்கிறேன்' என்று அதற்குப் பொருள். கெர்னல் வாசலைக் கவனித்துவிட்டு அவனை மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். ஆள் உள்ளே போவதற்கு முன்போ வேலை முடிந்த பிறகோ மணி அடித்தால் ஒரு தொல்லையும் இல்லை. சில தடவை தடவினாலும் படம் ஓடியதன் மர்மம் அதுதான்.

ஆனால் இதெல்லாம் தெரிந்துதானே எழுதினான்? திரையில் அவனுடைய லூப்பை மறுபடி படித்தான். 1 வந்தால் திரும்பக் கூப்பிடு. வேறு எது வந்தாலும் வெளியே போ. சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து பார்த்தான். முதல் அழைப்பு போனது, 1 வந்தது, இரண்டாவது அழைப்பு போனது. உள்ளறை 'முடியாது' என்று கையை விரித்தது. பழைய நிரலை ஏற்றிப் பார்த்தான். விரலை வைத்து அரைத்தாலும் படம் ஓடியது.

ஆக, தப்பு அவனுடையது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அழகாக இருந்த அந்தச் சில வரிகளை அவன் மூடிவைத்தான்.

"சாப்பாடு நக்கோன்னு சொல்லாத," என்றான் பிளஸ்ஸன். "வெறும் வயித்துல உக்காந்தா இன்னும் ரெண்டு பக் எழுதுவ. நட."

அய்யப்பா சொசைட்டித் தெருவில் அவர்கள் வழக்கமாகப் போகும் கர்ரி பாயின்ட் இருந்தது. சோற்றைக் குக்கரில் வைத்துக்கொள்ளும் பிரம்மச்சாரிகளுக்குக் குழம்பும் பொரியலும் பாக்கெட்டில் கட்டித் தரும் கடை. தண்டபாணிக்குத் தெலுங்கு வராது. ஊருக்கு வந்த புதிதில் யாரிடமோ கேட்டு ஒரு வாக்கியத்தை நெட்டுருப் போட்டு வைத்திருந்தான். இன்றுவரை அதே வாக்கியம், அதே சாப்பாடு.

"பப்பு ஒகட்டி, வங்காய ஒகட்டி, பெருகு ஒகட்டி, பார்சல் செய்யண்டி," என்றான். பருப்பு, கத்தரிக்காய், தயிர், ஒவ்வொன்று.

கடைக்காரம்மா பருப்பைக் கட்டி ஓரமாக வைத்தாள். அதற்குள் கேஸ் சிலிண்டர்காரன் வந்து ஏதோ கத்தினான். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவள், கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆ?" என்றாள்.

"பப்பு ஒகட்டி, வங்காய ஒகட்டி, பெருகு ஒகட்டி, பார்சல் செய்யண்டி."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு புதிய பாக்கெட் ஒன்றை எடுத்து மறுபடி பருப்பை ஊற்றத் தொடங்கினாள்.

பிளஸ்ஸன் தலையில் அடித்துக்கொண்டான். "அரே, இன்னிக்கும் ரெண்டு பப்பா! அந்தக்கா 'ஆ'ன்னா 'மேல கட்டவா'ன்னு அர்த்தம். நீயும் 'ஆ'ன்னு சொல்லு, போதும். வங்காய்லேர்ந்து கட்டுவாங்க. எதுக்கு மொதல்லேர்ந்து ஒப்பிக்கிற? டேப் ரெக்கார்டரா நீ?"

"எனக்குப் பாதியிலேர்ந்து சொல்ல வராதுடா. மொதல்லேர்ந்து சொன்னாத்தான்..."

கையில் சூடான பருப்பு பாக்கெட். அதன் சூடு உறைக்கவில்லை.

"பிளஸ்ஸா, உள்ள போனவன் பாதியில வெளிய வர்றான். '1'ங்கறான். அவனுக்கு நான் என்ன சொல்லணும்?"

"கடையிலயுமா? ஆ சொல்லு, யா. ஆ."

"நான் ஆ சொல்லல. மொத்தத்தையும் திரும்ப ஒப்பிச்சிருக்கேன்."

பாக்கெட்டுகளைப் பிளஸ்ஸன் கையில் திணித்துவிட்டு அவன் வேகமாக நடந்தான். தயிர் கடையிலேயே தங்கிவிட்டது.

இருக்கைக்கு வந்ததும் பழைய அசெம்பிளியைத் திறந்தான். அசிங்கம் என்று தூக்கியெறிந்த அந்தத் தாவலை முதல் தடவையாகப் பொறுமையாகப் படித்தான். தட்டுகளை நிரப்பும் வரிகள் மேலே இருந்தன. அவற்றுக்குக் கீழே தாவி வருவதற்கான குறி. அதற்கும் கீழே அழைப்புக் கட்டளை. 1 வந்தால் நிரல் கட்டளைக்குத்தான் தாவியது. நிரப்பும் வரிகளுக்கு ஏறவே இல்லை. அவனுடைய லூப்போ நிரப்பும் வரிகளையும் சேர்த்து விழுங்கியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தட்டுகளை மறுபடி நிரப்பியது.

அதில் என்ன கெடுதல் என்பதும் இப்போது விளங்கியது. உள்ளிருந்து பாதியில் வருகிறவன் வெறும் கையோடு வருவதில்லை. எங்கே விட்டான் என்பதற்கான அடையாளத்தை அதே தட்டுகளில் வைத்துவிட்டு வருகிறான். தண்டபாணி அதை அழித்து, மேலே புதுக் கோரிக்கையை வைத்திருக்கிறான். உள்ளறை பார்க்கிறது: பழைய வேலை பாதியில் கிடக்கிறது, அதற்குள் புதிதாக இன்னொன்று. பருப்புக் கடைக்காரம்மா போல அதற்கு இரக்கம் கிடையாது. இரண்டாவது பாக்கெட் கட்டாது, கையை விரித்துவிடும்.

திருத்தியது சில வரிகள்தான். நிரலை மறுபடி கட்டி, போனில் ஏற்றி முடிக்கும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தான். வரவேற்பிலிருந்து தொலைபேசி வந்தது. கூரியர்காரர் கீழே நிற்கிறார். சுபாஸ்ரீ எழுந்து வந்தாள். அவளுடைய கணினியில் பழைய நிரலைத் திரும்பப் போடும் கட்டளை தயாராக இருப்பது அங்கிருந்தே தெரிந்தது. இன்னும் அந்தப் பொத்தானைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

"ஏத்தியாச்சா?"

"ஆச்சுங்க."

அவன் படத்தை ஓடவிட்டான். கால்சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, திரைமேல் விரலை வைத்துத் தேய்த்தான். கீழ்த்தளத்தில் அத்தனை நாள் தேய்த்த அதே தேய்ப்பு. ஒரு மூச்சு நேரம் கடந்தது.

படம் வந்தது.

சுபாஸ்ரீ தன் விரலாலேயே இன்னொரு தடவை பார்த்தாள். பிளஸ்ஸன் சார்ஜரைச் செருகிச் செருகிப் பிடுங்கினான். அவள் இன்னும், இன்னும் என்றாள். ஒவ்வொரு தடவையும் படம் வந்தது.

"போர்டைப் பேக் பண்ணச் சொல்லிடறேன்," என்றாள் சுபாஸ்ரீ. "நீங்க திருத்தத்தைச் செக்-இன் பண்ணிடுங்கோ. என்ன மாத்தினீங்கன்னு அந்த வரிகளுக்கு மேல எழுதணும். அடுத்து வர்றவன் மறுபடி இதை அழகு பண்ணக் கூடாது. பளிச்சுனு சொல்லுங்கோ, பார்ப்போம்."

தண்டபாணி சொல்லிக்கொண்டே தட்டினான்:

"ரெஜிஸ்டர்களை லூப்புக்கு வெளியே ஒரே ஒரு தடவை நிரப்ப வேண்டும். பதில் 1 என்று வந்தால் எந்த ரெஜிஸ்டரையும் தொடாமல், அழைப்புக் கட்டளையை மட்டும் மறுபடி கொடுக்க வேண்டும்."